சிவப்பு முட்டையில் தொடங்குங்கள்: கிரேக்க ஈஸ்டரை முதல்முறை சமைப்பவர்களுக்கு

கிரேக்க ஈஸ்டர் விருந்தைச் செய்துபார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிறு காலையில்தான் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். ரொட்டி, சூப், ஆட்டுக்கறி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் இழுத்துப்போட்டுக்கொண்டு, சாப்பிட உட்காரும்போது யாருக்கும் தெம்பு இருப்பதில்லை. கிரீஸில் இந்த வேலை நான்கு நாளுக்குப் பிரிந்து கிடக்கிறது. வியாழன் அன்று முட்டைக்குச் சாயமும் ரொட்டியும். வெள்ளி அன்று ஒரு தட்டுப் பருப்பு, அவ்வளவுதான். சனி இரவு சூப், ஞாயிறு கறி. இந்த வரிசையை அப்படியே பிடித்துக்கொண்டால் ஒரே ஆள்கூட நிதானமாகச் செய்து முடிக்கலாம்.

ஏதென்ஸில் இருந்த வருடங்களில் எதிர்வீட்டு யாயாவிடம்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். யாயா என்றால் கிரேக்கத்தில் பாட்டி. அளவுக் கோப்பை எதுவும் அவர் கையில் இருக்காது, எல்லாம் கைக்கணக்கு. கீழே இருக்கும் அளவுகள் அவர் பக்கத்தில் நின்று நான் எடைபோட்டுக் குறித்துவைத்தவை.

முதலில் தேதியும் விரதமும்

கிரேக்கர்கள் ஈஸ்டரை பாஸ்கா என்பார்கள். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் சொல்லும் பாஸ்கா அதே சொல்தான். நாள் பெயர்களும் நமக்குப் பழகியவையே. பெரிய வியாழன், பெரிய வெள்ளி என்று நாம் சொல்வதைப் போலவே அவர்களும் அந்த வாரத்தின் ஒவ்வொரு நாளையும் ‘பெரிய’ என்ற சொல்லைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

தேதி மட்டும் பல வருடங்களில் மாறும். கிரேக்கர்களின் ஆர்த்தடாக்ஸ் சபை ஈஸ்டரைப் பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்துக் கணக்கிடுகிறது. 2025-இல் எல்லாருக்கும் ஏப்ரல் 20 என்று ஒன்றாக வந்தது. 2026-இல் நமக்கு ஏப்ரல் 5, அவர்களுக்கு ஏப்ரல் 12. 2027-இல் நமக்கு மார்ச் 28, அவர்களுக்கு மே 2. கிரேக்க நண்பர் வீட்டுக்கு ரொட்டி செய்து எடுத்துப் போகிற எண்ணம் இருந்தால் இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரதத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் விருந்தின் ருசியே அதிலிருந்துதான் வருகிறது. ‘சுத்தத் திங்கள்’ என்று ஒரு நாளில் தொடங்கி ஈஸ்டர் வரை 48 நாள். இறைச்சி, மீன், முட்டை, பால், வெண்ணெய், சீஸ் எதுவும் கிடையாது. ரத்தமில்லாத உயிர்கள் என்று ஆக்டோபஸ், கணவாய், இறால் போன்றவற்றுக்கு மட்டும் அனுமதி உண்டு. நடுவில் மார்ச் 25-ஆம் தேதி, மங்கள வார்த்தைத் திருநாளில் மீன் சாப்பிடலாம். அன்று ஊரெங்கும் உப்புக்கண்டம் போட்ட காட் மீனை ஊறவைத்துப் பொரித்து, பூண்டு மசியலோடு சாப்பிடுவார்கள். முழு 48 நாளும் இருப்பவர்கள் இன்று குறைவு. ஆனால் கடைசி வாரத்தை மட்டுமாவது கடைப்பிடிக்கிற வீடுகள் நிறைய.

இத்தனை நாள் தள்ளிவைத்த முட்டையும் வெண்ணெயும் பாலும் கறியும் ஒரே இரவில் திரும்பி வருகின்றன. ஈஸ்டர் ரொட்டியில் ஏன் அவ்வளவு வெண்ணெய், சூப்பில் ஏன் முட்டை என்பதற்கு இதுதான் காரணம்.

வாங்கிவைக்க வேண்டியவை

மாவு, முட்டை, வெண்ணெய், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் எல்லாம் எங்கும் கிடைக்கும். தேட வேண்டியவை மூன்று வாசனைப் பொருட்கள்.

ஒன்று மஸ்தீஹா. கிரீஸின் ஹியோஸ் தீவின் தெற்குப் பகுதியில் ஒரு சிறு மரத்தின் பட்டையைக் கீறினால் சொட்டும் பிசின் இது. இந்தத் தீவின் மஸ்தீஹாவுக்கு ஐரோப்பாவில், நம் புவிசார் குறியீடு போல, ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு உண்டு. அதைப் பயிரிடும் அறிவை 2014-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இது நமக்கு அன்னியமான சரக்கும் இல்லை. நாட்டு மருந்துக் கடையிலும் யுனானி கடையிலும் ‘ரூமி மஸ்தகி’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ரூமி என்றால் பழைய கிழக்கு ரோமப் பேரரசின் நிலத்திலிருந்து வந்தது என்று பொருள், அதாவது கிரேக்கர்கள் வாழ்ந்த நிலம். வாங்கும்போது கண்ணாடித்துளி போல வெளிறித் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கலங்கி, தூசி படிந்திருந்தால் வேண்டாம். ஒரு துளியை வாயில் போட்டு மென்றால் முதலில் நொறுங்கி, அப்புறம் சூயிங்கம் போல இழுக்க வேண்டும்; பைன் மரத்தின் வாசனை வரும்.

இரண்டாவது மஹ்லேபி. ஒரு வகைக் காட்டுச் செர்ரியின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. பொடியாக வாங்காமல் முழுசாக வாங்கி அன்றன்று பொடியுங்கள், பொடித்து வைத்தால் சீக்கிரம் கசந்துவிடும். மத்தியக் கிழக்கு மளிகைக் கடைகளில் கிடைக்கும். கிடைக்கவே இல்லை என்றால் இரண்டு சொட்டு பாதாம் எசன்ஸ் ஓரளவுக்குக் கைகொடுக்கும்.

மூன்றாவது ககூலே. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நம் ஏலக்காய்தான்.

பெரிய வியாழன் காலை: முட்டை

கிரேக்க ஈஸ்டர் முட்டைக்கு ஒரே நிறம், சிவப்பு. கிறிஸ்துவின் ரத்தத்தின் நிறம் என்பார்கள். கடைகளில் பொட்டலமாகச் சாயம் விற்கிறார்கள், பெரும்பாலான வீடுகளில் இன்று அதுதான். ஆனால் வெங்காயத் தோலில் வரும் செங்கல் சிவப்புக்கு அது ஈடாகாது என்பது என் எண்ணம்.

12 முட்டைக்கு 15 வெங்காயத்தின் காய்ந்த தோல் வேண்டும். இரண்டு வாரம் முன்பிருந்தே சேர்த்துவையுங்கள். தோல் மஞ்சள் பழுப்பாக இருக்கும் வகை வெங்காயமே நல்லது; நம் பெல்லாரியின் தோலில் நிறம் மங்கிப்போகும். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் தோலைப் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, முழுசாக ஆறவிடுங்கள். அதில் மூன்று மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். வினிகர்தான் சாயத்தை ஓட்டில் பிடிக்கவைக்கிறது.

முட்டையை முந்தின இரவே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். குளிர்ந்த முட்டை சூட்டில் வெடிக்கும். பழுப்பு ஓட்டு முட்டையில் நிறம் ஆழமாக இறங்கும். வெள்ளை முட்டையில் கொஞ்சம் ஆரஞ்சு தட்டும். ஆறிய சாய நீரில் முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, மிதமான தீயில் சூடேற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து 12 நிமிடம் வேகவிடுங்கள். அப்புறம் அடுப்பை அணைத்து, நிறம் போதும் என்று படும்வரை அந்த நீரிலேயே கிடக்கட்டும். எடுத்துத் துடைத்து ஆறியதும், ஒரு துணியில் இரண்டு சொட்டு ஆலிவ் எண்ணெய் விட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தால் பளபளப்பு வரும்.

முதலில் சாயத்திலிருந்து வெளியே வரும் முட்டை மாதாவுடையது. அதை யாரும் சாப்பிடுவதில்லை. சாமி படங்கள் இருக்கும் மாடத்தில் அடுத்த ஈஸ்டர் வரை அப்படியே வைத்திருப்பார்கள்.

அதே நாள் பகல்: சுரேக்கி ரொட்டி

நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மூன்று இழை போட்டுச் சடை பின்னிய இனிப்பு ரொட்டி, நுனியில் ஒரு சிவப்பு முட்டை. நல்ல சுரேக்கியைக் கையால் பிய்த்தால் உடையாது, நூல் நூலாகப் பிரியும். அந்த நூலுக்காகத்தான் இத்தனை பாடும்.

ஒரு பெரிய ரொட்டிக்கு அளவு: பிரெட் மாவு அரை கிலோ, சர்க்கரை 130 கிராம், வெண்ணெய் 90 கிராம், பால் 120 மில்லி, முட்டை இரண்டு, உலர் ஈஸ்ட் 8 கிராம், ஒரு ஆரஞ்சின் துருவிய தோல், ஒரு சிட்டிகை உப்பு. மஹ்லேபிப் பொடி ஒரு தேக்கரண்டி, ஏலப்பொடி அரை, மஸ்தீஹா கால் தேக்கரண்டி. மஸ்தீஹாவை நேரே அம்மியிலோ மிக்ஸியிலோ போட்டால் ஒட்டிக்கொண்டு வராது. ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, ஒரு கரண்டிச் சர்க்கரையோடு சேர்த்து உரலில் இடியுங்கள், மாவாகிவிடும். அளவைக் கூட்டவேண்டாம்; கொஞ்சம் அதிகமானாலும் ரொட்டி மருந்து போலக் கசக்கும்.

பாலைக் கைச்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, ஒரு கரண்டிச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். நுரைத்து எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் ஈஸ்ட் செத்துவிட்டது, அங்கேயே நிறுத்திப் புதிது வாங்கி வாருங்கள். நுரைத்ததில் மீதிச் சர்க்கரை, முட்டை, வாசனைப் பொடிகள், ஆரஞ்சுத் தோல், உப்பு, கடைசியாக மாவு சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். வெண்ணெயை இப்போது சேர்க்காதீர்கள். மாவு இழுபடத் தொடங்கிய பிறகு, மிருதுவான வெண்ணெயை நான்கு தவணையாகச் சேர்த்து இன்னும் பத்து நிமிடம் பிசைய வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் முதல்முறை செய்கிறவர்கள் தவறுகிறார்கள். மாவு கையெல்லாம் அப்பும், பலகையில் ஒட்டும், தப்பாகிவிட்டது என்று தோன்றும். நானும் முதல் வருடம் பயந்துபோய் இரண்டு பிடி மாவு தூவினேன். வெந்து வந்தது கனமான பன். அடுத்த வருடம் நான் மாவு டப்பாவை எடுக்கப்போனபோது யாயா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். தன் உள்ளங்கையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு, ஒட்டிக் கிடந்த மாவின் ஒரு நுனியைப் பிடித்துத் தோள் உயரத்துக்குத் தூக்கி, பலகையில் அறைந்து, தன்மேலேயே மடித்தார். மறுபடி தூக்கி, மறுபடி அறைந்து. நாற்பது ஐம்பது தடவை போனதும் மாவு பலகையை விட்டுத் தானாகவே கழன்று வந்தது. ஒரு துண்டைக் கிள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். கிழியாமல், அந்தப் பக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக விரிந்தது. அதுதான் பதம். மாவு தூவாதீர்கள், எண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடிவைத்து இரண்டு மடங்காக உப்பவிடுங்கள். கிரீஸின் இளவேனில் குளிரில் இரண்டு மணி நேரம் ஆகும், சென்னை வெயிலில் ஒரு மணியே போதும். உப்பியதை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 40 சென்டிமீட்டர் கயிறாக உருட்டி, தளர்வாகப் பின்னுங்கள். இறுக்கிப் பின்னினால் சுடும்போது வெடிக்கும். ஒரு நுனியில் சிவப்பு முட்டையை அழுத்திப் பதித்து, இன்னும் முக்கால் மணி நேரம் உப்பவிடுங்கள். மஞ்சள் கருவில் ஒரு கரண்டிப் பால் கலந்து மேலே தடவி, சீவிய பாதாம் தூவி, 170 டிகிரி ஓவனில் 30 முதல் 35 நிமிடம். மேல்பக்கம் சீக்கிரம் கறுக்கத் தொடங்கினால் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். வெந்த ரொட்டி முழுசாக ஆறும்வரை கத்தியே வேண்டாம், இழைகள் நசுங்கிவிடும்.

ரொட்டி செய்த சூட்டோடு குலுராக்கியா என்ற முறுக்கிய வெண்ணெய் பிஸ்கட்டையும் செய்துவிடுவார்கள். முதல் வருடம் அதை விட்டுவிடலாம்.

செய்து முடித்த எதையும் வியாழனன்று சாப்பிடக்கூடாது என்பது நினைவிருக்கட்டும். விரதம் இன்னும் முடியவில்லை. வீடு முழுக்க வெண்ணெயும் மஸ்தீஹாவும் மணக்க, ரொட்டியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்கள்.

பெரிய வெள்ளி

அன்று சமையல் என்று எதுவும் இல்லை. பழுப்பு மைசூர் பருப்பைத் தோலோடு, பூண்டும் பிரிஞ்சி இலையும் போட்டு வேகவைத்து, தட்டில் வினிகர் ஊற்றிச் சாப்பிடுவார்கள். சிலுவையில் தாகம் என்றவருக்குக் காடி கொடுத்ததன் நினைவு அந்த வினிகர். பக்தியான வீடுகளில் அன்று எண்ணெய்கூடச் சேர்ப்பதில்லை. மாலையில் பூக்களால் மூடிய எபிதாஃபியோஸ், கிறிஸ்துவின் திருக்கல்லறைத் தேர் போன்றது, தெருக்களைச் சுற்றிவரும். ஊரே மெழுகுவர்த்தியோடு பின்னால் நடக்கும்.

சனி: நள்ளிரவுச் சூப்

மாயிரீத்சா என்ற இந்தச் சூப் விரதத்துக்கும் விருந்துக்கும் நடுவில் ஒரு படி. ஞாயிறு சுடப்போகும் ஆட்டின் ஈரல், நுரையீரல், இதயம், குடல் எதுவும் வீணாகாமல் இதில் சேர்கிறது. இத்தனை நாள் கறி தொடாத வயிற்றுக்கு இதமாக எலுமிச்சையும் கீரையும் நிறைந்திருக்கும். ஆட்டு ஈரலும் குடலும் தின்று வளர்ந்த நமக்கு இதில் தயக்கம் இருக்கக் காரணமில்லை.

ஆறு பேருக்கு ஈரல், நுரையீரல், இதயம் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ. குடல் சேர்ப்பதானால் கால் கிலோ, உள்வெளியாகத் திருப்பி உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். எல்லாவற்றையும் பத்து நிமிடம் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சுண்டைக்காய் அளவுக்குப் பொடியாக நறுக்குங்கள். பெரிய துண்டு விழுந்தால் சூப் முரடாகிவிடும், இந்த ஒரு வேலையில் பொறுமை வேண்டும். ஆலிவ் எண்ணெயில் பத்துத் தண்டு வெங்காயத்தாளை வதக்கி, நறுக்கியதைச் சேர்த்துப் புரட்டி, இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். பிறகு இரண்டு லெட்டூஸை மெல்லிசாக அரிந்ததும், ஒரு கட்டு சதகுப்பைக் கீரையும், 100 கிராம் அரிசியும். அரிசி வெந்ததும் அடுப்பை அணைத்து மூடிவிட்டு, கோவிலுக்குக் கிளம்பலாம். முட்டை சேர்ப்பது திரும்பி வந்த பிறகுதான்.

கோவிலில் நள்ளிரவு நெருங்கும்போது விளக்கெல்லாம் அணையும். பாதிரியார் ஒரு சுடரோடு வந்து, ‘வாருங்கள், ஒளியைப் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று பாட, மெழுகுவர்த்தியிலிருந்து மெழுகுவர்த்திக்குத் தீ பரவும். அதை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசல் நிலையின் மேல் புகையால் சிலுவை இடுவார்கள். அப்புறம் நேரே அடுப்படிக்கு.

சூப்பை மெதுவாகச் சூடாக்குங்கள். இரண்டு முட்டையை நுரைக்க அடித்து, இரண்டு எலுமிச்சையின் சாற்றைச் சேர்த்து, சூப்பின் சூடான நீரை ஒவ்வொரு கரண்டியாக, அடித்துக்கொண்டே ஊற்றுங்கள். நான்கைந்து கரண்டி போனதும் கலவை வெதுவெதுப்பாகிவிடும். இப்போது அடுப்பை அணைத்து, கலவையைப் பாத்திரத்தில் ஊற்றிக் கலக்குங்கள். இதற்கு அவ்கொலேமொனோ என்று பெயர், கிரேக்கச் சமையலில் பல சூப்புக்கும் குழம்புக்கும் இதுவே உயிர். மோர்க்குழம்பைக் கொதிக்கவிட்டால் திரிவது போல இதுவும் திரியும். ஆகவே முட்டை சேர்த்தபின் கொதி வரவே கூடாது.

கறி சாப்பிடாதவர்களுக்காகக் காளான் போட்டு இதே சூப்பைச் செய்கிற வழக்கமும் கிரீஸில் இன்று பரவலாக இருக்கிறது. மற்ற எல்லாம் இதேபடிதான்.

சூப்புக்கு முன் முட்டை உடைப்பு. ஒருவர் ‘ஹ்ரிஸ்தோஸ் அனேஸ்தி’, கிறிஸ்து உயிர்த்தார், என்று சொல்லித் தன் முட்டையின் நுனியால் மற்றவர் முட்டையின் நுனியைத் தட்டுவார். எதிரில் இருப்பவர் ‘அலிதோஸ் அனேஸ்தி’, உண்மையாகவே உயிர்த்தார், என்பார். கடைசிவரை உடையாத முட்டை யாருடையதோ அவருக்கு அந்த வருடம் முழுக்க நல்ல காலம்.

ஞாயிறு: ஆடு

படங்களில் பார்க்கும் முழு ஆட்டுக் கம்பிச் சூடு கிரீஸின் நிலப்பகுதிக்கு உரியது. காலை ஏழு மணிக்குக் கரி மூட்டி, கம்பியில் முதுகெலும்போடு கட்டிய இளங்குட்டியை ஐந்தாறு மணி நேரம் ஆள் மாற்றி ஆள் சுற்றுவார்கள். பக்கத்திலேயே இன்னொரு கம்பியில் கொக்கொரேத்சி, அதாவது குடலால் சுற்றிக் கட்டிய ஈரல் முதலியவை. தீவுகளில் வேறு மாதிரி. பல தீவுகளில் ஆட்டுக்குட்டியின் வயிற்றில் அரிசியும் கீரையும் ஈரலும் அடைத்து, விறகு அடுப்பில் இரவெல்லாம் வேகவிடுவார்கள். அதனால் வீட்டு ஓவனில் செய்வது மட்டம் என்று நினைக்க வேண்டாம், ஓவனுக்கும் அங்கே நீண்ட மரபு இருக்கிறது.

எலும்போடு இரண்டு கிலோ தொடைக்கறி வாங்குங்கள். முந்தின இரவே அங்கங்கே கத்தியால் குத்தி, பூண்டுப் பற்களைச் சொருகி, உப்பு, மிளகு, நிறைய ஓரிகனோ தடவிவையுங்கள். காலையில் ஆழமான தட்டில் கறியை வைத்து, சுற்றிலும் ஒன்றரை கிலோ உருளைக்கிழங்கை நீளமாக வெட்டிப் போட்டு, இரண்டு எலுமிச்சைச் சாறு, முக்கால் கப் ஆலிவ் எண்ணெய், ஒரு கப் தண்ணீர் ஊற்றி, தாளால் இறுக மூடி 170 டிகிரியில் இரண்டரை மணி நேரம். நம் கடைகளில் கிடைக்கும் வெள்ளாட்டுக்கறியானால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். எலும்பை அசைத்தால் கறி விலகவேண்டும். பிறகு மூடியை எடுத்து 200 டிகிரியில் அரை மணி நேரம் சிவக்கவிடுங்கள். மிளகாயோ மசாலாவோ சேர்க்கக் கை பரபரக்கும். ஒரு முறை சேர்க்காமல் செய்துபாருங்கள். எலுமிச்சையும் ஆட்டுக் கொழுப்பும் இறங்கிய அந்த உருளைக்கிழங்குக்கு ஈடு இல்லை.

பக்கத்தில் லெட்டூஸ், வெங்காயத்தாள், சதகுப்பை அரிந்த ஒரு சாலட், ஃபெத்தா சீஸ், பூண்டும் வெள்ளரியும் போட்ட தயிர். இது போதும். கிரீட் தீவில் இதோடு கலித்சூனியா என்ற சின்னச் சீஸ் பணியாரங்களும், சான்டொரினித் தீவில் விளிம்பைக் கிள்ளிக் கிள்ளி மடித்த மெலித்தீனியாவும் வரும்.

திங்கள்

மிஞ்சிய முட்டைகளை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மேசையில் அலங்காரமாக நாள் கணக்கில் வெளியே இருந்தவற்றைச் சாப்பிட வேண்டாம். மிஞ்சிய கறியைப் பிய்த்து எலுமிச்சை பிழிந்து ரொட்டிக்குள் வைக்கலாம். சுரேக்கி மூன்றாம் நாள் காய்ந்துவிடும். துண்டு போட்டு, முட்டையும் பாலும் அடித்ததில் நனைத்து, வெண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க எடுத்தால் மஸ்தீஹாவின் வாசனை மறுபடி எழும். மாடத்தில் இருந்த போன வருட மாதா முட்டையை எடுத்துத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிட்டு, புதியதை அந்த இடத்தில் வையுங்கள்.